கால் பார்க்கிற ஆமி டொக்டர்

அவர் யாரையும் முகம் பார்த்துச் சுகம் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. கதவைத் திறந்து "வாங்கோ டொக்டர்" என்றால் தலையை ஆட்டுவார். கண் மட்டும் நேரே நம்முடைய காலுக்குப் போகும். நான் கல்யாணம் கட்டி மெல்பேர்ணுக்கு வந்த புதிதில், மனிசனுக்குக் கூச்சம் போல என்றுதான் நினைத்தேன். பிறகு மற்றப் பெண்களிடம் கேட்டால், "அவர் எல்லாரையும் அப்பிடித்தான் பாக்கிறவர், காலில என்னத்தைத் தேடுறாரோ" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடையில் ஒரு கத்தரிக்காயைக் கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். காலைப் பார்க்கிற ஒரு மனிசரைச் சும்மா விடுவேனா?

வேலை நாட்களில் அவர் கிளேட்டனில் ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்த சாதாரண டொக்டர். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களிலும் மாதத்தில் ஒரு சனி ஞாயிறிலும் அவுஸ்திரேலிய ஆமியின் டொக்டர். முழுநேர ஆமி இல்லை. ரிசேர்வ் என்பார்கள். கணக்காளர், வாத்தியார், தச்சுவேலை செய்கிறவர் என்று பலரும் வார நாளில் தங்கள் தொழிலைப் பார்த்துவிட்டு, வார இறுதியில் சீருடை போட்டுப் பயிற்சி எடுக்கிற படை அது. அதில் இவர் கப்டன். வருசத்தில் இரண்டு கிழமை டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போய்விடுவார். காய்ச்சலோடு போகிற எங்கள் சனம் பூட்டிய கதவைப் பார்த்துத் திட்டிவிட்டுத் திரும்பி வரும்.

எழுபதுகளின் கடைசி வருசங்கள் அவை. மெல்பேர்ணில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எல்லாம் ஒரு மண்டபத்துக்குள் அடங்கிவிடும். எழுபத்தேழில் ஊரில் தமிழரை அடித்து எரித்த கலவரத்தின் சூடு ஆறாத காலம். ஆமி என்ற சொல்லே எங்களுக்குப் பயம். அப்படிப்பட்ட சனத்துக்குள் இருந்து ஒரு ஆள், யாரும் கேட்காமல், சம்பளத்துக்கு வழியில்லாத ஏழையுமில்லாமல், தானாகப் போய் வெள்ளைக்காரனுடைய ஆமிச் சட்டையைப் போடுகிறார் என்றால் என்ன அர்த்தம்?

ஏன் சேர்ந்தீர்கள் என்று என்னுடைய மனிசன் ஒருமுறை டொக்டரையே நேரே கேட்டார். "சனிக்கிழமையில வீட்டில இருந்து என்னத்தைச் செய்யிறது?" என்றாராம். இன்னொருவர் கேட்டதற்கு, "அங்க தேத்தண்ணி நல்லாப் போடுறாங்கள்" என்றாராம். மூன்றாவது ஆளுக்கு, "வயசு போறதுக்குள்ள கொஞ்சம் நடக்கலாம் எண்டு" என்று சொல்லியிருக்கிறார். ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில். பொய் சொல்கிறவர்கள் கூட ஒரு பொய்யைத்தான் வைத்திருப்பார்கள். இந்த டொக்டர் எதையும் விளக்கமாட்டார். பார்ப்பார், மனதில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். நாங்கள் என்ன நினைக்கிறோம் என்பதைப் பற்றி அவருக்கு ஒரு சொட்டுக் கவலையும் இருந்ததில்லை.

அப்போது மெல்பேர்ணில் எங்களுக்கென்று ஒரு கோயில் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பூசை செய்வோம். சாமி படத்துக்கு முன்னால் தேவாரம், பிறகு கற்பூரம், பிறகு கடலையும் மோதகமும் ஊர்க்கதையும். ஊரில் போலவே எல்லோரும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவோம். சனி ஞாயிறு பயிற்சி இருக்கிற கிழமைகளில் அவர் பச்சைச் சீருடையோடு பூசைக்கு வருவார். முடிந்ததும் அப்படியே முகாமுக்குக் கார் ஓட்டிப் போவார். அந்த ஆமி பூட்ஸைக் கழற்ற அவருக்கு நேரம் எடுக்கும். முழங்காலுக்குப் பாதிவரை லேஸ். வாசல்படியில் இருந்து ஒவ்வொரு கொக்கியாக அவிழ்க்கும்போது, பக்கத்தில் வரிசையாகக் கிடக்கிற சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிலவேளை ஒன்றை எடுத்துத் திருப்பி அடியைப் பார்ப்பார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

"சப்பாத்தை எண்ணுறார் பிள்ளை" என்று குசினிக்குள் சொன்னது சிவமலர் அக்கா.

சிவமலர் அக்கா எங்களுக்கு அடுத்த ரோட்டில் இருந்தவர். நான் இந்த நாட்டுக்கு ஆடிமாதக் குளிரில் நூல் சேலையோடு வந்து இறங்கினேன். அடுத்தநாளே தன்னுடைய ஒரே கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து எனக்குப் போட்டுவிட்டு, தான் இரண்டு சுவெற்றரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரிந்தவர். அவர் சொன்னால் எனக்கு வேதம்.

"ஒரு வீட்டில எத்தினை பேர் இருக்கினம் எண்டு வாசல்ல கிடக்கிற சப்பாத்தைப் பாத்தால் தெரியும்தானே. நாங்களே கணக்கெழுதி வாசல்ல ஒட்டி விட்டது மாதிரி."

அதில் பயப்பட விசயம் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகள் பலவற்றில் விசா முடிந்த ஒரு ஆள் இருந்தார். தம்பியோ, மச்சானோ, ஊரில் பக்கத்து வீட்டுப் பெடியனோ, சுற்றுலா விசாவிலும் படிப்பு விசாவிலும் வந்து திரும்பிப் போக வழியில்லாமல் நின்றவர்கள். யாராவது ஒரு போன் எடுத்துச் சொன்னால் இமிகிரேசன்காரர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மட்டுவில் ஊர்ப் பெடியன் ஒருவன் அப்படித்தான் போனான். படிக்க வந்தவன், காசு கட்ட முடியாமல் படிப்பை விட்டுவிட்டு எங்கேயோ வேலை செய்துகொண்டிருந்தான். சிவமலர் அக்கா வீட்டுப் பூசையன்று டொக்டர் அவனுடைய சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உம்மடையோ இது? நாள் முழுக்க ஒரே இடத்தில நிண்டு வேலை செய்யிறீர் போல. வலப்பக்கம் சாய்ஞ்சு நிக்கிறீர். என்ன மெசின்?"

"நான் படிக்கிறன், டொக்டர்."

"படிக்கிற ஆக்களின்ர சப்பாத்து இப்பிடித் தேயாது" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்த் தேவாரம் படித்தார். அடுத்த மாதம் அந்தப் பெடியனை வேலைத்தலத்தில் வைத்துப் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள்.

கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, டொக்டர் வருகிற வெள்ளிகளில் எல்லா வீடுகளிலும் ஒரு வேலை கூடிவிட்டது. விசா இல்லாத ஆளைப் பின் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். அந்த ஆளின் சப்பாத்தைக் கொண்டுபோய்க் குளிக்கிற தொட்டிக்குள் போட்டுத் திரையை இழுத்துவிடுவோம்.

பிறகேன் அவரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்பீர்கள். கூப்பிடாமல் விட்டால் இன்னும் சந்தேகம் வராதா? அதோடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் எடுத்தால் வீட்டுக்கே வந்து தமிழில் கதைத்து ஊசி போட அந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. என்னுடைய விசயத்திலேயே பாருங்கள். ஒரு பூசையன்று மோதகத் தட்டை நீட்டினேன். என் கால் நகத்தைப் பார்த்துவிட்டு, "நீர் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை, இரத்தம் காணாது" என்றார். அடுத்தநாள் பேக்கரிப் பெண்ணிடம் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து அனுப்பியிருந்தார். குடித்த பிறகுதான் எனக்குத் தலைச்சுற்று நின்றது. அதற்காக நம்பிவிட முடியுமா? என் நகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் இன்னும் எதையெல்லாம் கண்டுபிடிப்பார் என்று பயம் கூடியதுதான் மிச்சம்.

எங்கள் வீட்டிலும் மறைக்க ஒரு ஆள் இருந்தான். குகன், என் மனிசனுடைய தம்பி. கலவரத்தில் கொழும்பில் அவன் வேலை செய்த கடையை எரித்துவிட்டார்கள். சுற்றுலா விசாவில் வந்தான்; விசா முடிந்தும் போகவில்லை. போய் என்ன செய்வது? பின் அறையில் இருந்தான். என்னை அண்ணி, அண்ணி என்று சுற்றிச் சுற்றி வருவான். வெங்காயம் வெட்டித் தருவான், கண்ணீரை என் சேலைத் தலைப்பில் துடைப்பான். எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. அவன்தான் எனக்குத் தம்பி.

சிவமலர் அக்காவின் தம்பி பவானுக்கும் விசா முடிந்திருந்தது. டண்டினோங் பக்கம் ஒரு கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் பவான் வேலை செய்தான், குகனையும் சேர்த்துவிட்டான். பேர் ஊர் கேட்காமல் ஆள் எடுக்கிற இடம். கழுவிய கோழியை ஐஸ் தண்ணியில் போடுகிற பகுதி. நிலமெல்லாம் எந்த நேரமும் குளிர் தண்ணி. அவர்கள் கொடுத்த இறப்பர் பூட்ஸ் வெடித்துப்போய், காலையில் நனைகிற கால் வேலை முடியும்வரை நனைந்தபடியே இருக்கும். வேறு பூட்ஸ் கேள் என்றால், "கேட்டால் கவனிப்பாங்கள் அண்ணி, பேசாமல் நிக்கிறதுதான் நல்லம்" என்பான்.

அந்தக் குளிர்காலத்தில் அவனுடைய கால் மரத்துப் போனது. முதலில் வெளிறி, தண்ணியில் ஊறின பாண் துண்டு போல இருந்தது. நானும் என் மனிசனும் கைவைத்தியம் செய்தோம். ஹீற்றருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக் காலைச் சூட்டில் வைக்கச் சொன்னோம். நல்லெண்ணெயைக் காய்ச்சிப் பூசி உரஞ்சித் தேய்த்தோம். ஊரில் குளிருக்குப் பிடித்த காலுக்கு இதைத்தானே செய்வார்கள். கால் வீங்கிச் சிவந்தது, கொப்புளம் போட்டது, அதற்குப் பிறகும் அவன் வேலைக்குப் போனான்.

"ஆமி டொக்டரிட்டக் காட்டுவமோ?" என்றார் என் மனிசன்.

"காட்டுங்கோ. அடுத்த கிழமை தம்பியைப் பிளேனில ஏத்திவிட ஏர்போட்டுக்கும் போவம்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெள்ளைக்கார டொக்டரிடம் போகவும் பயம். ஆஸ்பத்திரி என்றால் சொல்லவே வேண்டாம்.

எங்கள் முறைப் பூசை வந்தது. குகனைப் பின் அறைக்குள் விட்டுச் சாத்தினேன். அவனுடைய சப்பாத்து தொட்டிக்குள் போய்விட்டது. டொக்டர் சீருடையோடு வந்தார், பூட்ஸ் கழற்றினார், கை கழுவப் பின்பக்கம் போனார். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கோழித் தொழிற்சாலை இறப்பர் பூட்ஸை உடுப்புத் தோய்க்கிற இடத்தில் காயக் கவிழ்த்து வைத்ததை நான் மறந்தே போயிருந்தேன். ஓடிப்போனால், டொக்டர் ஒரு பூட்ஸுக்குள் கையை நுனிவரை விட்டுத் தடவிக்கொண்டு நிற்கிறார். கையை வெளியே எடுத்து மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தார்.

"ஆற்ற பூட்ஸ் இது?"

"இவற்றதான் டொக்டர். தோட்ட வேலைக்கு."

அவர் யன்னலால் எங்கள் தோட்டத்தைப் பார்த்தார். தோட்டம் என்றால் கொஞ்சம் புல்லும், சட்டிக்குள் குளிரில் நடுங்குகிற ஒரு கறிவேப்பிலைக் கன்றும். பிறகு முன் அறைக்குப் போனார். போய் என் மனிசனுக்குப் பின்னால் சம்மணம் கட்டி இருந்தார். என் மனிசன் ரெயில்வே கந்தோரில் கதிரையில் இருந்து வேலை செய்கிறவர், பெண்பிள்ளைக் கால். தேவாரம் முடியும்வரை டொக்டர் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பிப் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

போகும்போது வாசல்படியில் இருந்து லேஸைக் கட்டினார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"அந்த பூட்ஸைப் போடுற ஆள் கனநாளைக்கு நடக்க மாட்டார்."

இதை வெருட்டு என்று எடுப்பதா, வைத்தியம் என்று எடுப்பதா? நான் வெருட்டு என்றுதான் எடுத்தேன். சனிக்கிழமை முழுவதும் நானும் என் மனிசனும் சண்டை பிடித்தோம். குகனைச் சிட்னிக்கு அனுப்புவோம், மெரிலேண்ட்ஸில் ஒரு தெரிந்த குடும்பம் இருக்கிறது என்றேன் நான். அவனை எழுப்பி நிற்கச் சொன்னோம். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன், நிலம் காலில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று சொல்லி மறுபடியும் இருந்துவிட்டான். இரண்டு விரல்களின் நுனி கறுத்துப் போயிருந்தது.

ஞாயிறு பின்னேரம் வாசலில் கார்ச் சத்தம். திரையை விலக்கிப் பார்த்தேன். பச்சைச் சீருடை, காலெல்லாம் சேறு. முகாமில் இருந்து நேரே வந்திருக்கிறார். கதவைச் சங்கிலி போட்டபடி ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தேன்.

"இவர் வீட்டில இல்லை, டொக்டர்." என் மனிசன் எனக்குப் பின்னால்தான் நின்றார்.

"நான் அவரைத் தேடி வரேல்லை."

சொல்லிவிட்டுப் படியில் இருந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொரு கொக்கியாக, வழக்கம்போல ஆறுதலாக. இரண்டையும் கழற்றி, சொக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்து, கதவு இடுக்குக்குக் கிட்டத் தள்ளிவிட்டார்.

"உதைக் கொண்டுபோய் உள்ளுக்கு வையும். வெறுங்காலோட வந்து நான் ஆரையும் பிடிச்சுக்கொண்டு போகமாட்டன்."

நான் சங்கிலியை எடுத்தேன். நம்பி எடுக்கவில்லை. குகனுடைய விரல் கறுத்திருந்தது, அதனால் எடுத்தேன்.

பின் அறையில் அவர் நிலத்தில் இருந்து குகனுடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். குகன் பதறிப்போய் இழுத்தான்.

"வேண்டாம் டொக்டர், நீங்கள் பெரியவர். என்ர காலைத் தொடக் கூடாது."

"நான் உம்மட காலைக் கும்பிடேல்லை. விடும்." பிறகு, "பேர் சொல்லாதையும், எனக்குத் தேவையில்லை" என்றார். அது கூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பேரை ஏன் கேட்கவில்லை?

காலை ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். பஞ்சால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். "சூடு காட்டினீங்களோ?" என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். "தேய்ச்சனீங்களோ?" அதற்கும் ஓம். "இனிமேல் ரெண்டும் செய்யக்கூடாது" என்றார், அவ்வளவுதான். ஊசி போட்டார், விரல்களுக்கு இடையில் பஞ்சு வைத்தார், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தார். அன்றைக்கு அவர் பேசியதுதான் நான் அவர் வாயில் கேட்ட நீண்ட பேச்சு.

"முகாமில மழைக்குள்ள நாள்கணக்கா நடப்பாங்கள். கால் ஊறிப் போயிருக்கும். கெட்டிக்காரப் பெடியங்கள் வந்து சொல்ல மாட்டாங்கள். வெக்கம், மற்றவங்கள் சிரிப்பாங்கள் எண்டு. நான் எல்லாரையும் வரிசையா இருத்தி, முழங்காலில நிண்டு ஒவ்வொருத்தன்ர காலாப் பாப்பன். சொல்லுறவனை நான் தேடத் தேவையில்லை. ஒளிக்கிறவனைத்தான் நான் தேடுறனான்."

குகன் சிரித்தான். எனக்கு மட்டுவில் பெடியனின் சப்பாத்து நினைவுக்கு வந்தது.

போகும்முன் சொன்னார்: "ரெண்டு விரல் நிச்சயமில்லை. ஒரு மாதம் பொறுத்தால்தான் தெரியும். கறுப்பு மேல ஏறினால் பாதத்தில பாதியை வெட்ட வேண்டி வரும். கால் நிலத்தில படக்கூடாது. வேலைக்கு விடவே கூடாது. ஞாயிறு ஞாயிறு நான் வாறன்." பிறகு குகனிடம் சாதாரணமாகக் கேட்டார். "எந்த இடம் அது?"

நான் அவருக்குப் பின்னால் நின்று கண்ணாலும் தலையாலும் வேண்டாம், வேண்டாம் என்று காட்டினேன். குகன் காலில் வலி குறைந்த சந்தோசத்தில் இருந்தான். இடத்தைச் சொன்னான்.

"மற்ற ஆக்களுக்கும் உப்பிடியோ?"

"கனபேருக்கு, டொக்டர். பவானுக்கும் தொடங்கியிருக்கு."

அடுத்த ஞாயிறும் வந்தார். கறுப்பு ஏறவில்லை, இறங்கவுமில்லை. அதற்கு அடுத்த கிழமை ஒரு வேலைநாள் காலையில் இமிகிரேசன்காரர் அந்தத் தொழிற்சாலைக்குள் போனார்கள். விசா இல்லாத எல்லோரையும் பிடித்தார்கள். பவானையும் பிடித்தார்கள். குகன் எங்கள் வீட்டுப் பின் அறையில் தலையணையில் காலை வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

சிவமலர் அக்கா அன்றைக்கே வந்தார். அழவில்லை. "குகன் எங்க?" என்றார். உள்ளே படுத்திருக்கிறான் என்றேன். "நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்க எனக்குக் காது கூசியது.

என் மனிசன் வேறுவிதமாக யோசித்தார். வேலைத்தலத்துச் சுகாதாரம் பார்க்கிற ஆட்களுக்கு டொக்டர் பூட்ஸைப் பற்றியும் தண்ணியைப் பற்றியும் முறைப்பாடு சொல்லியிருக்கலாம், அவர்கள் போய்ப் பார்த்தபோது மற்ற விசயம் வெளியில் வந்திருக்கலாம் என்றார். நடந்திருக்கலாம். வேறு யாராவது சொல்லியும் இருக்கலாம். அல்லது குகனை மட்டும் வீட்டில் படுக்க வைத்துவிட்டு, மற்றவர்களைக் காட்டிக் கொடுத்தும் இருக்கலாம். மூன்றையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு நான் சோறு வடித்தேன். அந்தக் கிழமை வெள்ளிப் பூசைக்குப் போனபோது, குசினிக்குள் நான் நுழைந்ததும் கதை நின்றது. எங்கள் வீட்டு ஆள் மட்டும் எப்படித் தப்பினான் என்று கேட்கிற முகங்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஞாயிறு மத்தியானம் சிவமலர் அக்கா மறுபடியும் வந்தார். பவானை மறியலில் அடைத்து வைத்திருந்தார்கள். அடுத்த கிழமை அனுப்பப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"இண்டைக்கு அவர் வருவார்தானே. நீ அவரைக் கேள். என்ர காது கேக்கக் கேள். இல்லை எண்டால் இல்லை எண்டு தெரியட்டும். ஓம் எண்டால் இனி அந்த மனிசன் ஒரு தமிழ் வீட்டுப் படியும் ஏறக் கூடாது."

"கேக்கிறன் அக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. அக்கா குசினிக்குள் கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டார்.

அன்றைக்குக் காலையில் குகனுடைய காலில் டொக்டர் போட்டிருந்த துணிக்கட்டை மாற்றும்போது பார்த்திருந்தேன். ஒரு விரலில் கறுப்பு ஒரு நெல்லளவு மேலே ஏறியிருந்தது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

டொக்டர் வந்தார். பயிற்சி இல்லாத ஞாயிறிலும் அதே ஆமி பூட்ஸ்தான். படியில் இருந்து இடது பூட்ஸின் லேஸை அவிழ்த்துக் கழற்றி ஒருபக்கமாக வைத்தார். வலது காலுக்குக் குனிந்தபோது கேட்டேன்.

"டொக்டர், அந்த இடத்தைப் பற்றி நீங்களோ சொன்னது?"

அவருடைய கை லேஸில் நின்றது. எனக்குத் தெரிந்த காலமெல்லாம் காலைப் பார்த்த மனிசன் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. களைத்த கண்கள், ஒன்றில் கொஞ்சம் பூ விழுந்திருந்தது.

"இல்லையெண்டு சொன்னால் நீர் நம்பப் போறேல்லை. ஓம் எண்டு சொன்னால், கழட்டினதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நான் போக வேணும்." லேஸின் நுனியை விரலில் பிடித்துக்கொண்டே இருந்தார். "பதில் வேணுமெண்டால் சொல்லுறன். நீர் சொல்லும். இதைக் கழட்டவோ, விடவோ?"

உள்ளே குகன் இருமினான். குசினியில் கதிரை ஒருமுறை அசைந்து நின்றது. அக்கா எழும்பிவிட்டார் என்று விளங்கியது. இந்த நாட்டில் என்னை முதலில் கோட்டால் போர்த்திவிட்ட மனிசி அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு சொல் தேவை. அதை வாங்கிக்கொடுக்கிற கேள்வி என் நாக்கில்தான் இருந்தது.

"கழட்டுங்கோ" என்றேன்.

அவர் குனிந்து மற்ற பூட்ஸையும் கழற்றினார். எழுந்து வெறுங்காலோடு என்னைத் தாண்டிப் பின் அறைக்குப் போனார். குகனுடைய காலை மடியில் தூக்கி வைத்துக் கட்டை அவிழ்க்கும்போது, குசினிப் பின்கதவு திறந்து மெதுவாகச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

"ஆர் போறது?" என்றார், விரலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒருத்தருமில்லை, டொக்டர்" என்றேன்.